கோலத்துக்குப் போன கிறிஸ்துமஸ் பக்கங்கள்

1

வருஷத்துக்கு ஒரு தடவை, டிசம்பர் பிறந்ததும், நான் வெளிநாட்டுக்காரி என்பதை அரசாங்கம் எனக்கு நினைவுபடுத்திவிடும். மற்ற பதினொரு மாதமும் அந்த வேலையை மந்தைவெளி காய்கறிக் கடைக்காரர் பார்த்துக்கொள்கிறார்.

தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போனபோது மேஜைக்குப் பின்னால் இருந்தவர் இந்த வருஷம் புதியவர். என் மலேசியப் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பின்னலில் இருந்த கனகாம்பரத்தைப் பார்த்தார்.

“தாய்மொழி?”

“தமிழ்.”

“அப்புறம் எப்படிம்மா ஃபாரினர்?”

“அதை நீங்கதான் சார் சொல்லணும்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். மணி பத்தரை. பக்கத்து மேஜைக்காரர் கைகாட்ட, இவரும் எழுந்து கேண்டீன் பக்கம் கிளம்பினார். நான் மரியாதைக்காகச் சொன்னேன்: “அவசரமில்ல சார், பசியாறிட்டு வாங்க.”

மனிதர் நின்றுவிட்டார். “நான் பசியா இருக்கேன்னு எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?”

மலேசியாவில், நம் ஈப்போவில் உட்கார்ந்து இதை வாசிக்கும் உங்களுக்கு இதில் என்ன வேடிக்கை என்று தோன்றும். நமக்குக் காலையில் சாப்பிடுவது என்றாலே பசியாறுவதுதான். ராஜாவும் பசியாறுவார், வயிறு நிறைந்தவனும் பசியாறுவான். இங்கே அதற்கு டிபன் என்று பெயர். பசியாறினான் என்றால், பாவம், ரொம்ப நாள் பட்டினி கிடந்தவன் சோற்றைக் கண்டான் என்று அர்த்தம். “இன்னும் ஊர்ப் பேச்சு போகலை பாருங்க, அதான் ஃபாரினர்” என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு அவர் டிபனுக்குப் போனார். திரும்பி வந்து முத்திரை குத்திக் கொடுத்தார்.

2

அறுபத்தெட்டில் கப்பலேறி வந்தேன். சாந்தோமில் இருந்த அத்தை பார்த்த மாப்பிள்ளை சேவியர், தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. கல்யாணம் முடிந்த வாரமே “காடி எப்ப வரும்?” என்று கேட்டேன். நம்மூர்ப் பழக்கத்தில் வண்டியைத்தான் கேட்டேன். அவர் கடைக்குப் போய் ஒரு புட்டி காடி வாங்கிக்கொண்டு வந்தார். இங்கே காடி என்றால் ஊறுகாய்க்கு ஊற்றுகிற புளிப்பு. காய்கறிக் கடையில், ரூபாய் என்பதற்கு நம்மூர் வழக்கப்படி “கத்தரிக்காய் எத்தனை வெள்ளி?” என்று கேட்டபோது, “வெள்ளி வேணும்னா பாண்டி பஜார் போ யம்மா, இங்க காய்தான் கீது” என்று பதில் வந்தது. அந்தக் கடைக்காரர் இன்றுவரை என்னை வெள்ளியம்மா என்றுதான் கூப்பிடுகிறார்.

இதற்கெல்லாம் நான் கவலைப்பட்டதில்லை. நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன். சிரிக்க முடியாமல் போனது என் மகள் விஷயத்தில்தான்.

பிலோமினாவுக்கு இப்போது ஒன்பது வயது. பிறந்ததும் வளர்ந்ததும் மந்தைவெளியில் இதே மாடிப் போர்ஷன். கீழே கோமளா மாமி, அவர் மகள் வைதேகி. பிலோவும் வைதேகியும் ஒரே வயசு. பிலோ பேசக் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி மாமி வீட்டுக் கூடத்தில். ஆகையால் எங்கள் வீட்டில் மூன்று தமிழ் ஓடுகிறது. அப்பாவுக்குச் சாந்தோம், அம்மாவுக்கு ஈப்போ, மகளுக்கு மாமி வீட்டுத் தமிழ். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, புதிதாக வந்த பங்குச் சாமியார் “அப்பா வரலையா பாப்பா?” என்று கேட்டார். கழுத்தில் ஜெபமாலையோடு இவள் சொன்னாள்: “இல்ல ஃபாதர், அப்பா ஆத்துல இருக்கார்.” சாமியார் தெற்கத்திக்காரர். “இந்த ஊர்ல ஆத்துல தண்ணி ஓடுதா?” என்று என்னைக் கேட்டார்.

அதுவும் சிரிப்புதான். ஆனால் போன மாதம் ஒரு காலையில் நான் மாடிப்படியில் நின்று கீழே மாமியிடம் “பசியாறியாச்சா மாமி?” என்று கேட்டேன். பிலோ என் புடவையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

“அம்மா, இனிமே மாமிகிட்ட அப்படிக் கேக்காதே. வைதேகி சிரிக்கறா. மானம் போறது. டிபன் ஆச்சான்னு கேளு.”

“சரிடி கண்ணு” என்று சிரித்தேன். உள்ளே போய்ப் பாத்திரம் துலக்கும்போது வலித்தது. என் பேச்சை ஊர் கேலி செய்யலாம். இவளுக்கு அது மானக்கேடாக இருந்தது.

3

நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் புத்தக வழக்கம் தெரிந்தவர்கள் ஈப்போவில் இன்னும் நாலு பேராவது இருப்பீர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

அப்பா ரயில்வேயில் டிக்கெட் கொடுப்பவர். கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் முன்பு தன் உத்தியோகத் தொப்பியில் எல்லோர் பெயரையும் சீட்டு எழுதிப் போடுவார். யார் கையில் யார் பெயர் வருகிறதோ, அவருக்கு இவர் ஒரு புத்தகம் தேர்ந்தெடுக்க வேண்டும். பண்டிகையன்று சாயங்காலம் தாளைப் பிரித்து, கிடைத்தவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்க வேண்டும். ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் வரை தினமும் கொஞ்சம். சட்டம் ஒன்றே ஒன்று: புத்தகத்துக்குள் எங்கேயாவது ஒரு பண்டிகை வர வேண்டும். எந்த மதத்துப் பண்டிகையானாலும் சரி.

இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு நடந்த அக்கிரமம் கொஞ்சமில்லை. அண்ணன் எனக்கு ஒரு வருஷம் சமையல் புத்தகம் கொடுத்தான். சீனப் பெருநாள் பலகாரம் ஒன்று அதில் இருந்ததாம். எல்லாவற்றையும் மிஞ்சியது அப்பா அம்மாவுக்குக் கொடுத்த ரயில் அட்டவணை. “தைப்பூச விசேஷ ரயில் போட்டிருக்கு பார்” என்று வாதாடி ஜெயித்தார். அம்மாவும் சளைக்கவில்லை. தஞ்சோங் மாலிம் வருகை, தஞ்சோங் மாலிம் புறப்பாடு என்று ஜெபம் சொல்கிற குரலில் ஒரு வாரம் வாசித்தாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தலையாட்டிக் கேட்டார்.

கப்பலில் நான் கொண்டுவந்த தகரப் பெட்டி துருப்பிடித்துப் போய்விட்டது. வழக்கம் மட்டும் வருஷா வருஷம் நடந்துவந்தது. மூன்று பேருக்கு மூன்று சீட்டு. போன வருஷம் பிலோவுக்கு நான் வாங்கிக் கொடுத்த படப் புத்தகத்தில் நாலு பக்கம் வாசித்தாள். பிறகு அது எங்கள் கிறிஸ்துமஸ் குடிலில் மலையாகிவிட்டது. மேலே வைக்கோல் தூவி, ஆடுகளை மேயவிட்டிருந்தாள்.

இந்த வருஷமும் அவள் சீட்டு எனக்கே வந்தது. பிரித்துப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

“நேக்கு இந்த வருஷம் புஸ்தகம் வேண்டாம்மா. வேற யாராத்துலயும் இப்படிப் பண்றதில்ல. கிளாஸ்ல சொன்னா சிரிக்கறா. அது உன் ஊர் வழக்கம்.”

“நேக்கா?” என்று சேவியர் சிரித்தார். “இன்னா பிலோ, பூணூல் எப்போ போடப் போற?”

எனக்கு ‘நேக்கு’ காதில் விழவில்லை. ‘உன் ஊர்’ விழுந்தது. எங்க ஊர் என்றுகூட இல்லை, உன் ஊர்.

அன்றே முடிவு செய்தேன். இந்த வருஷம் ஒரு தடவை பார்ப்பது. இவள் கொட்டாவி விட்டால் வழக்கத்தை மூட்டை கட்டிவிடுவது. ஈப்போவிலிருந்து கொண்டுவந்ததில் இவளுக்குக் கொடுக்க என்னிடம் மிஞ்சியிருந்தது இது ஒன்றுதான். அதையும் வாங்கிக்கொள்ள ஆளில்லை என்றால் நான் யாருக்காகத் தொப்பியில் சீட்டுப் போடுவது?

4

தமிழில் ஒரு கிறிஸ்துமஸ் கதை. கேட்டதென்னவோ அவ்வளவுதான். இங்கிலீஷில் இருக்கிறது, வேண்டுமட்டும். எல்லாவற்றிலும் பனி கொட்டுகிறது. பனியை நானும் கண்டதில்லை, பிலோவும் கண்டதில்லை. எங்கள் இருவருக்கும் தெரிந்த டிசம்பர் மழையும் கொசுவும்.

பாண்டி பஜாருக்குப் போனோம். தீபாவளி மலர்கள் விற்காமல் தங்கியவை அட்டை கசங்கிக் கிடந்தன. “பாதி விலைக்குத் தர்றேன், எடுத்துக்கங்கம்மா” என்றார் கடைக்காரர். சேவியர் கையில் எடுத்துவிட்டார். “பண்டிகை வர்ணும், அவ்ளோதானே உங்கப்பா சட்டம்? இதுல அட்டையிலேயே பட்டாசு கீது.” அவரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

கடைசியில் எங்கள் தெருமுனையில் வாடகைக்குப் புத்தகம் விடுகிற நைனாவிடம் போய் நின்றேன். அவர் பெயர் யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் நைனா.

“நைனா, ஒரு பண்டிகைப் புத்தகம் வேணும்.”

“பண்டிகைப் புக்கா? இரு யம்மா.” மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ எடுத்துத் தட்டினார். “இந்தா, அல்லாப் பண்டிகையும் இதுல கீது. பொங்கல் கீது, ரம்ஜான் கீது, உங்க கிறிஸ்மஸும் கீது. போன வருசத்துது, பரவால்ல, எட்த்துகினு போ.”

பஞ்சாங்கம்.

“கதை வேணும் நைனா.”

“இதுல இல்லாத கதையா? யாருக்கு சனி, யாருக்கு குரு, அல்லாம் கதைதானேம்மா.”

ரயில் அட்டவணை கொடுத்த என் அப்பா இருந்திருந்தால் அந்த இடத்திலேயே நைனாவைக் கட்டிப் பிடித்திருப்பார். எனக்கு அழுகை வந்தது.

5

செய்தி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. மாடிப்படியில் கோமளா மாமி வழிமறித்தார்.

“லில்லி, கிறிஸ்துமஸ் வர கதை தேடறயாமே? எங்காத்துப் பரண்ல இருக்குடி.”

மாமிக்கு ஒரு பழக்கம் உண்டு. மாமிக்கு மட்டுமில்லை, மயிலாப்பூர் பக்கத்தில் பாதி வீடுகளில் உண்டு. வாரப் பத்திரிகைகளில் வருகிற தொடர்கதையைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டு பண்ணி வைத்துக்கொள்வது. அப்படி ஒரு பைண்டைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். தடிமனாக, முதுகில் சிவப்புத் துணி ஒட்டியிருந்தது.

“ரயில்வே கார்டு ஒருத்தன் கதை. சாலமன்னு பேர். உங்களவாதான். நடுவுல கிறிஸ்துமஸ் வரும் பாரு, நான் அழுத அழுகையில மாமா பயந்துபோய் சோடா வாங்கிண்டு வந்தார்.”

தமிழ், ரயில், கிறிஸ்துமஸ், அழுகை. நான் கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. முதல் பக்கத்தை மட்டும் புரட்டினேன். கிறிஸ்துமஸ் வருகிற இடத்தை நானும் பிலோ வாசித்துத்தான் கேட்க வேண்டும் என்று ஆசை, அதனால் பார்க்கவில்லை. நட்சத்திரம் கட்டி மிஞ்சிய வண்ணத்தாளில் சுற்றி வைத்துவிட்டேன்.

6

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் பிலோ தாளைப் பிரித்தாள். சிவப்பு முதுகைப் பார்த்ததும் முகம் விழுந்தது.

“இது மாமியாத்துப் பழைய பைண்டுன்னோ? எத்தனை பக்கம் படிக்கணும்?”

“கிறிஸ்துமஸ் வர்ற வாரத்தை மட்டும் படி. போதும்” என்றேன். தொடர்கதையில் அது ஒரு சௌகரியம். வாராவாரம் முன்கதைச் சுருக்கம் போட்டுவிடுவதால் எங்கே வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம்.

தேடி எடுத்து வாசித்தாள். குரலில் உயிரே இல்லை. கார்டு சாலமன் பண்டிகைக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறான். கூடையில் மகளுக்காகக் கேக். மழையில் பாலம் உடைந்து, ரயில் ஒரு குக்கிராம ஸ்டேஷனில் நின்றுவிடுகிறது. பிளாட்ஃபாரத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு தனியாக உட்கார்ந்திருக்கிறாள். சாலமன் கூடையைத் தூக்கிக்கொண்டு அவளை நோக்கி நடந்தான்.

பிலோ பக்கத்தைத் திருப்பினாள். நிறுத்தினாள்.

“அம்மா, இங்க கதை இல்ல.”

விளிம்பு மட்டும் மிஞ்ச, பக்கம் முழுக்கச் சதுரமாக ஓர் ஓட்டை. கத்தரிக்கோலால் ஓரம் பிசகாமல் வெட்டியது. அவள் புத்தகத்தைத் தூக்கி, ஓட்டை வழியாக அப்பாவைப் பார்த்தாள். அடுத்த தாளிலும் ஓட்டை. அதையும் தாண்டி, அந்த வாரத்தின் கடைசி வரி மட்டும் மிஞ்சியிருந்தது: காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சாலமன் சிரித்தான்.

“மாமீ!” என்று பிலோ படியிலிருந்து கத்தினாள். மாமி மூச்சிரைக்க மேலே வந்து பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“ஐயையோ, அது மார்கழி இதழாச்சேடி! பின்பக்கம் கோலம் போட்டிருப்பான். வெட்டி எடுத்துண்டேன்.”

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கிறிஸ்துமஸ் அத்தியாயத்தைப் பத்திரிகைக்காரன் கிறிஸ்துமஸ் வாரத்தில்தான் போடுவான். கிறிஸ்துமஸ் வருவது மார்கழியில். மார்கழியில் மயிலாப்பூர் வாசல்களுக்குத் தினம் ஒரு புதுக் கோலம் வேண்டும். இந்த ஊரில் பைண்டு செய்த எந்தக் கதையிலும் கிறிஸ்துமஸ் தப்பியிருக்க வழியில்லை.

“சரி மாமி, அப்புறம் என்ன ஆச்சு? நீங்கதான் படிச்சிருக்கீங்களே” என்றேன்.

மாமி யோசித்தார். “அழுதது நன்னா ஞாபகம் இருக்கு லில்லி. எதுக்குன்னு ஞாபகம் இல்ல.” பிறகு, உதவ வேண்டுமே என்று, “கோலம் ஞாபகம் இருக்கு. பதினஞ்சு புள்ளி, நாலு மூலையிலும் தாமரை” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஞ்சாங்கத்தையே வாங்கியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். வழக்கம் இன்றோடு முடிந்தது, மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பிலோ புத்தகத்தை மூடவில்லை.

“கூடை ஏன் காலியாச்சு?” என்றாள்.

“அந்தப் பொம்பள கேடியா இருக்கும்” என்றார் சேவியர், உற்சாகமாக. “கேக்கை சுருட்டிகினு ஓடிருப்பா. சாலமன் தொரத்திகினு ரயில் மேல ஏறி, டிஷ்யூம் டிஷ்யூம்...”

“போப்பா. சிரிச்சான்னு போட்டிருக்கே. கேக்கைத் திருடினா யாராவது சிரிப்பாளா?”

“அவளுக்குப் பசி. இவன் எடுத்துக் கொடுத்திருப்பான்” என்றேன்.

“மொத்தமும் குடுத்துட்டா அவன் பொண்ணுக்கு?”

பிலோ ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முதுகை நிமிர்த்தி, அங்கே எழுத்து இருப்பதுபோல விரலை ஓட்டி, வாசிக்கத் தொடங்கினாள். இந்தத் தடவை குரலில் உயிர் இருந்தது.

“சாலமன் கேக்கைப் பாதியா வெட்டினான். ஒரு பாதியை அவளுக்குக் குடுத்தான். மறுபாதியை உள்ள வைக்கறதுக்குள்ள ரயில்ல இருந்த எல்லாரும் எறங்கி வந்துட்டா. எல்லாருக்கும் ஒரு துளி குடுத்தான். கூடை காலியாயிடுத்து. பொண்ணுக்கு என்ன கொண்டு போறதுன்னு அவனுக்கு அழுகை வந்துது. கார்த்தால மழை விட்டுது. அந்த ஊர்க்காரா எல்லாரும் இட்லியும் பழமும் எடுத்துண்டு வந்தா. பொண்ணுக்குன்னு தனியா ஒரு பொட்டலம் கட்டிக் குடுத்தா. அப்பறம் எல்லாரும் பிளாட்ஃபாரத்துலயே உக்காந்து பசியாறிண்டிருந்தா. அப்போ கொழந்தை அழுதுது. அது அழாம இருக்க, காலிக் கூடையைத் தலையில கவுத்துண்டு சாலமன் சிரிச்சான்.”

சேவியர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே எங்கள் நட்சத்திரத்தைப் பார்த்தேன். பசியாறிண்டிருந்தா. ஈப்போச் சொல்லுக்கு மாமி வீட்டு வால். அப்படி ஒரு வார்த்தையை நம்மூரிலும் எவரும் சொன்னதில்லை, மயிலாப்பூரிலும் எவரும் சொன்னதில்லை. நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவளுக்கு வெட்கம் வந்து, ‘டிபன் சாப்டா’ என்று திருத்தியிருப்பாள்.

மாமி மூக்கை உறிஞ்சினார். “ஆமாண்டி, இப்படித்தான் வந்துது. இதுக்குத்தான் அழுதேன்” என்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே அப்படித்தான் வந்திருந்ததா என்று இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது.

“இன்னும் எத்தனை ஓட்டை இருக்கு மாமி?” என்றாள் பிலோ.

“மார்கழி மொத்தமும் இருக்கும்டி.”

“அப்போ மூணு ராஜா வரைக்கும் வரும்” என்று கணக்குப் போட்டாள். கொட்டாவி ஒன்றும் வரவில்லை.

7

மறுநாள் விடிந்ததும், வழக்கம்போல் எங்கேயோ ஒலிபெருக்கி எழுப்பிவிட்டது. பிலோ கீழே ஓடிவிட்டாள். வைதேகியோடு சேர்ந்து கோலத்துக்குக் கலர்ப்பொடி போட. மார்கழியில் அது அவள் தினசரி உத்தியோகம். நான் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுவிட்டு, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அன்றைக்குக் கோலத்தின் நாலு மூலையிலும் தாமரை.

“வைதேகி, நீ பசியாறியாச்சா?”

பிலோவின் குரல்தான். நான் ஜன்னலிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

“என்னடி இது, உங்கம்மா மாதிரி கேக்கற?” என்று வைதேகி சிரித்தாள்.

இவள் சிரிக்கவில்லை. பொடியை விரலிடுக்கில் எடுத்து, ஓரம் பிசகாமல் ஒரு இதழை நிரப்பி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

“எங்காத்துல அப்படித்தான் சொல்லுவோம்.”